மாயக் குகை யாருக்கு?

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலையில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே மனிதன் நடப்பதில்லை. கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போகிறது. 2008-ல் அதே தெருவில் ஒரு பெருங்கடை தீப்பற்றியபோது இரண்டு ஊழியர்கள் மாண்டார்கள். 2017 மே 31-ந் தேதி உஸ்மான் ரோட்டில் பலமாடி ஜவுளிக் கடை ஒன்று எரிந்தது; பிறகு கட்டிடமே இடிக்கப்பட்டது. தீப்பிடித்தது அதிகாலையில். மாலை ஆறு மணியாக இருந்திருந்தால்?

இதற்கு நெருப்பு மூட்டிப் பார்த்து விடை காண முடியாது. விஞ்ஞானம் வேறு வழி தந்திருக்கிறது: மெய்நிகர் அறை. சுவர்களிலும் தரையிலும் படம் விழும்; விசேஷக் கண்ணாடி அணிந்தவர் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். புகை மண்டிய படிக்கட்டில் அவர் எந்தப் பக்கம் ஓடுகிறார், எந்த வழிகாட்டிப் பலகையைக் காணத் தவறுகிறார் என்பதை உயிராபத்தின்றி அறியலாம். தலையில் மாட்டும் கருவி ஒருவரைத் தனிமைப்படுத்துகிறது. இந்த அறையிலோ நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கலாம்.

1992-ல் இதைச் செய்து காட்டியது எந்த முதலாளி? எவருமில்லை! சிகாகோவிலுள்ள இல்லினாய் சர்வகலாசாலை, அதாவது ஒரு பொதுச் சர்வகலாசாலை. சங்கிலியில் கட்டுண்டவர்கள் சுவரில் நிழலைப் பார்த்து அதையே உண்மையென்று நம்பிய பிளேட்டோவின் கதையை நினைத்து, 'கேவ்' (குகை) என்று பெயரிட்டார்கள். இன்று கம்பெனிகள் அதைப் பெருவிலைச் சரக்காக்கி விற்கின்றன.

"ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?" என்கிறார்கள் சிலர். நம் தோழர்களிலும் சிலர் அப்படிக் கேட்கிறார்கள். ஆடம்பரம் விஞ்ஞானத்தில் இல்லை, விலைப்பட்டியலில்தான் இருக்கிறது என்பதே நம் பதில். அன்று தனி யந்திரங்கள் வேண்டியிருந்தன. இன்று வீடியோ விளையாட்டுக்காகக் கடையில் விற்கும் கம்ப்யூட்டர்கள், நாலு புரொஜெக்டர்கள், வெள்ளைச் சுவர், பிளெண்டர், கோடோ போன்ற இலவச மென்பொருள்கள் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். சுவர்ப் படங்களை மூலையில் பிசிறின்றிப் பொருத்துவது கடினம்தான். தலை அசைவுக்குப் படம் பிந்தினால் பார்ப்பவருக்கு மயக்கம் வரும் என்பதும் உண்மைதான். அந்தக் கடினத்தைத் தீர்ப்பதல்லவா நம் மாணவர்களுக்குக் கல்வி?

கிண்டி ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கென்று ஒரு மையம் இருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் சென்னை சர்வகலாசாலை மாணவனுக்கும், அரசுக் கல்லூரி மாணவிக்கும் என்ன வழி?

சர்க்காரிடம் நாம் கேட்பது இவைதான்: மாநிலச் சர்வகலாசாலைகளே இந்த அறைகளைக் கட்டட்டும். வரைபடமும் நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். முதல் ஆராய்ச்சி தியாகராய நகரின் படிக்கட்டுகளாகட்டும். சோதனைக்கு அழைக்க வேண்டியவர்கள் கடை முதலாளிகள் அல்ல; அந்தப் படிகளில் நாள் முழுதும் மூட்டை சுமக்கும் ஊழியர்கள். முடிவுகள் தமிழில் வெளிவரட்டும்.

குகையில் நிழல் பார்த்தது போதும். வெளியேறும் வழியைக் காட்டுங்கள்!