ஜால்ரா போட ஆள் தேவை

நம் சங்க ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரல் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வயலின், இரண்டு வாய்ப்பாட்டு, ஒரு மிருதங்கம். ஆறு குழந்தைகள், ஆளுக்கு ஆறு நிமிடம், எல்லாம் தனித்தனி. ஆறு பேரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு பாட்டாவது வாசிக்கச் சொல்லலாமே என்று செயற்குழுவில் நான் கேட்டேன். "நடுவில் யார் உட்காருவது?" என்றார் ஒரு தகப்பனார். "என் மகள் ஓரத்தில் உட்கார மாட்டாள்" என்றார் ஒரு தாயார். என் யோசனை அத்துடன் முடிந்தது. மனத்தாங்கலாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதைப் பற்றி நாம் பேசியே ஆக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஜாஸ் கச்சேரிக்கு என்னை அழைத்துப் போனார். டச்சு ஸ்விங் காலேஜ் பேண்ட் என்பது குழுவின் பெயர். 1945ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி, நெதர்லாந்து ஜெர்மானியர் பிடியிலிருந்து விடுபட்ட அதே நாளில் தொடங்கிய குழு. பீட்டர் ஸ்கில்பெரூர்ட் என்பவர் நடுவில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1990இல் காலமாகும்வரை அதை நடத்தினார். பிறகு பாப் காப்பர் பொறுப்பேற்றார். தொடங்கிய நாளில் இருந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போன பிறகும் குழு இருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளையும் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் அவர்கள் வாசிப்பது அவர்கள் ஊர் இசை அல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் வளர்த்த இசை.

இடைவேளையில் பெரியவரிடம் கேட்டேன்: "உங்களுக்கு யார் வாசிப்பு பிடித்தது? டிரம்பெட்டா, கிளாரினெட்டா?" அவர் சிரித்துக்கொண்டே பின்னால் பாஞ்சோ வாசித்தவரைக் காட்டினார். "அவர் நிறுத்தினால் முன்னால் நிற்கும் மூவரும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே வார்த்தையை என் அப்பா வாயால் நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டிலும் வயலிலும் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம். 1956இல் மாநில எல்லை பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் யாருக்கு என்று பெரியவர்கள் வாதாடினார்கள். எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் பங்குனியில், அவர்கள் கணக்கில் மீனம் 20ஆம் தேதி, நெம்மாறை வல்லங்கி வேலைக்குப் போவது மட்டும் எங்களுக்கு நிற்கவில்லை. கொல்லங்கோடு வழியாக பஸ். அறுப்பு முடிந்த வயல், நெல்லிக்குளங்கரை பகவதி கோவில், நெம்மாறை ஒரு கட்சி, வல்லங்கி ஒரு கட்சி. இரண்டு பக்கமும் யானை, இரண்டு பக்கமும் பஞ்சவாத்தியம், கடைசியில் காதைப் பிளக்கும் வெடி.

பஞ்சவாத்தியத்தை நேரில் பார்க்காத நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு ஆகியவை ஐந்து வாத்தியங்கள். திமிலையும் இடக்கையும் கொம்பும் நம் பழைய நூல்களிலும் வரும் பெயர்கள்தாம். திமிலைக்காரர்கள் ஒரு வரிசை, எதிரே மத்தளக்காரர்கள் ஒரு வரிசை. திமிலைக்குப் பின்னால் இலத்தாளம், மத்தளத்துக்குப் பின்னால் கொம்பு. இரு முனையிலும் இடக்கை. பெரிய திருவிழாக்களில் அறுபது பேர் வரை நிற்பார்கள். சங்கு ஊதியதும் மெதுவாகத் தொடங்கும். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 896 அட்சரம் என்பது கணக்கு. அடுத்தது அதில் பாதி, 448. பிறகு 224, 112, 56 என்று சுற்று சுருங்கச் சுருங்க வேகம் ஏறும். இரண்டு மணி நேரம் போவது தெரியாது. முன்வரிசைக்காரர் அங்கங்கே மனோதர்மமாக வாசிப்பார், எதிர்வரிசை பதில் சொல்லும். எழுதிவைத்த சுரத்தாள் ஒன்றும் கிடையாது. எல்லோரையும் கட்டிப்போட்டிருப்பது பின்னால் நிற்கும் இலத்தாளம்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். நடுவில் நிற்கும் திமிலைக்காரரையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் தலையைப் பிடித்துத் திருப்பினார். "பின்னால தாளம் போடறவனைப் பாருடா. அவன் ஒரு அடி தப்பினா முன்னால நிக்கறவர் பாடு அவ்வளவுதான்."

இந்தப் பஞ்சவாத்தியம் ஆதியிலிருந்து இப்படியே இருந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இன்று நாம் கேட்கும் உருவம் 1930களில் அமைந்தது. அமைத்தவர்களில் முக்கியமானவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. மத்தளம் வாசித்த தமிழ்ப் பிராமணர். அவருடைய சீடர் மாதவ வாரியர், திமிலையில் அன்னமனட அச்சுத மாரார், செங்கமநாடு சேகரக் குறுப்பு, இடக்கையில் பட்டிராத்து சங்கர மாரார் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ஒழுங்கு இது. அடுத்த தலைமுறையில் பாலக்காடு மாவட்டத்துப் பல்லாவூர்ச் சகோதரர்கள், அப்பு மாரார், மணியன் மாரார், குஞ்ஞுக்குட்டன் மாரார் மூவரும் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். மூத்தவரான அப்பு மாரார் 2002இல் காலமானார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆண்டும் வேலை வருகிறது, வரிசை நிற்கிறது. நடுவில் நிற்கும் பிரமாணி மாறுகிறார். அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால், பல ஆண்டு பக்கத்திலும் பின்னாலும் நின்றவராகத்தான் இருப்பார்.

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நேர்மை ஆகாது. அந்த வரிசை எல்லோருக்கும் திறந்திருந்த வரிசை அல்ல. கோவில் வாத்தியம் இன்ன சாதிக்கு இன்னது என்று வகுத்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே பெருவெம்பு என்ற கிராமம் இருக்கிறது. பலாமரத்தைக் குடைந்து, தோலை இழுத்துக் கட்டி, மத்தளமும் செண்டையும் மிருதங்கமும் செய்யும் ஊர். பாலக்காட்டு மத்தளத்துக்கு இன்று புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் வாத்தியத்தைச் செய்த கை, விழா நாளில் வெளியே நின்றுதான் அதன் சத்தத்தைக் கேட்டது. 1930இல் கலாமண்டலம் போன்ற பயிற்சிக்கூடம் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மாறியது போதுமா என்பது வேறு விஷயம். அந்த வரிசையைப் பார்த்து நாம் ஒழுங்கைக் கற்கலாம். அதன் பூட்டிய கதவைக் கற்க வேண்டாம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் இரண்டு வசைகள் இருக்கின்றன. ஒருவன் இன்னொருவனுக்கு "ஜால்ரா போடுகிறான்" என்போம். அல்லது "ஒத்து ஊதுகிறான்" என்போம். இரண்டும் மரியாதையான வேலைகள். தாளம் போடுபவர் இல்லாமல் பஜனை இல்லை. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும்போதும் சுருதி அறுந்துவிடாமல் காத்தவர் ஒத்து ஊதியவர். அந்த இரண்டு வேலையையும் நாம் வசையாக்கினோம். பிறகு ஒத்துக்காரர் இடத்தில் சுருதிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. பின்வரிசையைக் கேவலமாகப் பேசும் சமூகத்தில் பின்வரிசைக்கு யார் வருவார்கள்?

வெளிநாட்டுக்கு வந்த பிறகு இது இன்னும் முற்றிவிட்டது. நம் குழந்தைகளுக்கு அரங்கேற்றம் செய்கிறோம். மண்டபம், பட்டுப்புடவை, அழைப்பிதழ், வீடியோ என்று கடன் வாங்கிக்கூடச் செய்கிறோம். நான் குறை சொல்லவில்லை, என் மகளுக்கும் செய்தேன். ஆனால் அரங்கேற்றம் என்ற சொல்லுக்குத் தொடக்கம் என்று பொருள். நம் வீடுகளில் அதுவே முடிவாகிவிடுகிறது. மறு வருஷம் பிள்ளை கல்லூரிக்குப் போகிறாள், வயலின் பரணுக்குப் போகிறது. என் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் பாட்டு வகுப்புக்குக் காரோட்டிய எனக்கு இப்போதுதான் உறைக்கிறது: அவள் யாரோடும் சேர்ந்து வாசித்ததே இல்லை. சேர்ந்து வாசித்திருந்தால், அவளை இன்று வாசிக்கக் கூப்பிட நாலு பேர் இருந்திருப்பார்கள்.

"ஆளுக்கு வேலை இருக்கிறது, பயிற்சிக்கு நேரம் எங்கே?" என்பீர்கள். நியாயம்தான். அந்த டச்சுக் குழுவும் தொடக்க ஆண்டுகளில் வேறு பிழைப்பு இருந்தவர்கள் நடத்திய குழுதான். 1960இல்தான் அதை முழுநேரத் தொழிலாக ஆக்கிக்கொண்டார்கள். வேலைக்குச் செண்டையும் கொம்பும் தூக்கி வருகிறவர்களிலும் எத்தனையோ பேருக்கு வருஷம் முழுக்க வேறு வேலை உண்டு. நாள் குறித்தால் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே செயற்குழுவுக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள் இது. மாதம் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், சங்கக் கூடம். பத்துப் பேர் கொண்ட ஒரு குழு. வயசு, சாதி, ஊர், வாசிப்பின் தரம் ஒன்றும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு விழாவிலும் அந்தக் குழு இருபது நிமிடம் வாசிக்கட்டும். நடுவில் யார் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறட்டும். புதிதாக வரும் குழந்தை முதலில் தாளத்தோடு பின்னால் நிற்கட்டும். இடம் காலியாகும்போது முன்னே வரட்டும். பெற்றோர்கள் ஒரு வருஷம் வீடியோ எடுக்காமல் இருந்தால் இன்னும் விசேஷம்.

பாட்டு வராது, வாத்தியம் தெரியாது என்று கூச்சப்படுகிறவர்களுக்கும் இடம் உண்டு. முதல் ஆளாக நானே பெயர் கொடுக்கிறேன். எனக்கு எந்த வாத்தியமும் தெரியாது. அப்பா சொல்லிக்கொடுத்தபடி தாளத்தைக் கவனிக்க மட்டும் தெரியும். பின்னால் நின்று ஜால்ரா போட நான் தயார். பக்கத்தில் நிற்க இன்னும் ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் என்னிடம் பெயர் கொடுக்கவும்.