மனை விலையைப் படமாக்கும்போது

மனை, வீடு விற்பனைச் செய்திமடல்களில் எண்களுக்குப் பஞ்சமில்லை. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் கிடைக்கிறது. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வங்கி வட்டி, ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணைய) பதிவு என்று பட்டியல் நீள்கிறது. காஞ்சிபுரத்தில் மனை தேடும் குடும்பத்துக்கோ தெரிய வேண்டியவை மூன்றுதான்: விலை ஏறுகிறதா, எந்தப் பகுதியில் எவ்வளவு, கையில் மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு படம் என்பதே முதல் விதி.

கேள்விதான் படத்தின் வகையைத் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைக் கோட்டுப்படம் காட்டும். பகுதிகளை ஒப்பிடப் பட்டைப்படம் உதவும். இரண்டையும் பொருளாதாரக் கணக்குகளுக்குப் பயன்படுத்தி 1786-இல் நூலாக வெளியிட்டவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் பிளேஃபேர். பட்டைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இல்லையேல் சிறு விலை வித்தியாசமும் இரு மடங்காகத் தெரியும்.

கோட்டுப்படம் எங்கே தவறும் என்பதற்கு வழிகாட்டி மதிப்பே நல்ல உதாரணம். அது சந்தை விலை அல்ல. தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் அளவுகோல். தமிழக அரசு 2017 ஜூன் 9 முதல் அதை 33 சதவீதம் குறைத்தது. பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய மதிப்பு திரும்பியது, கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. 2024 ஜூலை 1 முதல் மதிப்புகள் மறுபடியும் திருத்தப்பட்டன.

சதுர அடிக்கு 1,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். முதல் மாற்றத்தில் அது 670 ஆகிறது, இரண்டாவதில் மீண்டும் 1,000. வெறும் கோடாக வரைந்தால் 2017-இல் விலை சரிந்து, 2023-இல் 49 சதவீதம் எகிறியதாகப் படிப்பவர் நம்பிவிடுவார். சந்தையில் அப்படி எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. எனவே விதி மாறிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, காரணத்தை அதன் அருகிலேயே ஒரு வரியில் எழுத வேண்டும்.

வாங்குபவருக்கு இதைவிடப் பயன்படும் படம் ஒன்று உண்டு. அந்த மனை 1,200 சதுர அடி என்றும், வழிகாட்டி மதிப்பிலேயே கிரையம் ஆகிறது என்றும் கொள்வோம். 7 சதவீத முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த செலவு 2017-க்கு முன் 96,000 ரூபாய். குறைப்புக்குப் பின் 88,440. 2023 ஏப்ரலில் 1,08,000. மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் செலவு சிறிதளவே குறைந்தது என்பதை மூன்று பட்டைகள் ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

இடத்தைப் பற்றிய கேள்விக்கு நிலப்படம் வேண்டும். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய காஞ்சிபுரம் மாவட்ட எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒரே கோட்டில் சேர்ப்பது பிழை. இன்றைய மாவட்டத்திலும் சென்னையை ஒட்டிய குன்றத்தூர், தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர், வயல் சூழ்ந்த உத்திரமேரூர் என்று நிலவரம் வேறுபடுகிறது. மாவட்டச் சராசரி இவற்றில் எந்த ஊருக்கும் பொருந்தாது. தாலுகா வாரியாக இடைநிலை அளவைக் குறித்து, குறைந்த விலையையும் கூடிய விலையையும் இரு முனைகளாகக் காட்டுவதே நேர்மை. அலகும் ஒன்றாக இருக்க வேண்டும்: ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி.

பட்டு நெசவில் புட்டாவை முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள்; ஒரு கட்டம் தவறினால் அந்தப் பிழை சேலை முழுவதும் திரும்பத் திரும்ப வரும். செய்திமடலின் படமும் அப்படித்தான் கைக்குக் கை பரவுகிறது. பலர் அதைக் கைபேசியில்தான் பார்ப்பார்கள். எழுத்து பெரிதாகவும், நிறங்கள் மூன்றுக்கு மிகாமலும் இருப்பது நல்லது. படத்தைத் தனியே வெட்டி அனுப்பினாலும் விவரம் விட்டுப்போகாதபடி தரவு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதிக்குரியது, எந்த அலகு என்ற மூன்றையும் படத்துக்குள்ளேயே அச்சிட வேண்டும்.