ரயில் வெள்ளைக்காரன் போட்ட பிச்சையா?

“என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் ரயில் போட்டுக் கொடுத்தானே!” மண்டகப்பட்டு டீக்கடையிலும் விழுப்புரம் ஜங்ஷனிலும் இந்தப் பேச்சு இன்றும் காதில் விழுகிறது. நாம் கேட்கிறோம்: யார் பணத்தில் போட்டான்? யாருக்காகப் போட்டான்?

தோழர்களே! சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே ரயில் பாதை வந்தது 1870-களில். போட்டது 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி. முதலாளிகள் இருந்ததோ லண்டனில். அந்நாளில் ரயில் கம்பெனிகளுக்கு வெள்ளை சர்க்கார் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் என்ன? நிலம் இலவசம். போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி உத்தரவாதம். வருமானம் குறைந்தால் அந்த வட்டியை இந்திய கஜானா கட்டும்! கஜானாவை நிரப்பியது யார்? நிலவரி கட்டிய குடியானவன். கஞ்சிக்குப் போட்ட உப்புக்கும் வரி கட்டிய கூலிக்காரன். லாபம் லண்டனுக்கு, நஷ்டம் நம் தலையில்! இஞ்சினும் தண்டவாளமும் வாங்கியது இங்கிலாந்து ஆலைகளில்.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78-ல், சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அப்போதும் தானிய ஏற்றுமதியைத் தடுக்க சர்க்கார் மறுத்தது. வியாபாரம்தான் பெரிது!

சீனத்திலும் இதே சூழ்ச்சிதான். பாக்ஸர் எழுச்சியை நசுக்கிய வல்லரசுகள் 1901-ல் சீன மக்கள் மீது 45 கோடி டேல் வெள்ளி தண்டம் விதித்தன. தன் பங்கில் மிச்சத்தைத் “திருப்பித் தருகிறேன்” என்று பிரிட்டன் 1930-ல் ஒப்பந்தம் செய்தது. எப்படி? அந்தப் பணத்தில் பெரும்பங்கை லண்டனிலேயே நிறுத்தி, ரயில் சாமான்களைப் பிரிட்டிஷ் ஆலைகளிலேயே வாங்க வைத்தது! 1936-ல் முடிந்த கான்டன்-ஹாங்கோ பாதைக்கும் இந்தப் பணம் போயிற்று. பறித்தவனும் அவனே, வள்ளல் வேஷம் போட்டவனும் அவனே, கல்லாவை நிரப்பியவனும் அவனே!

இங்கே உழைத்தவனுக்கு என்ன கிடைத்தது? நாகப்பட்டினம் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றும்போது கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியது. 1928 ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பதில் கைது, சிறை. தோழர் சிங்காரவேலரையும் சிறையில் தள்ளினார்கள்.

1944-ல் கம்பெனி போயிற்று. கம்பெனிப் புத்தி போகவில்லை. 2020-ல் மத்திய அரசு 109 தடங்களில் 151 ரயில்களைத் தனியார் ஓட்ட அழைப்பு விடுத்தது. முதலாளிகள் முன்வராததால் அந்தத் திட்டம் படுத்தது. நாளை வேறு பெயரில் எழுந்து வரலாம்.

ஆலைத் தோழர்களே! விவசாயக் கூலித் தோழர்களே! முதலீடு வருகிறது என்று யார் தம்பட்டம் அடித்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: லாபம் யாருக்கு? நஷ்டம் யார் தலையில்? ரயில் எவனும் போட்ட பிச்சையல்ல. நம் பாட்டன்மார் கட்டிய வரி, சிந்திய வியர்வை. அதைக் காப்பது நம் கடமை!