கம்பி எழும் முன்பே அளந்துவிடுங்கள்

சென்னை எர்ணாவூர்ச் சந்துகளில் பக்கத்து மனைக்காரர் மாடி எடுத்தால் முதலில் எட்டிப் பார்ப்பது சன்ஷேடு. அரையடிதானே என்று விட்டால், அடுத்த மழைக்கு அதன் தண்ணீர் நம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கொட்டும். கேட்டால், "உங்க அப்பா காலத்துலயே பேசி வெச்சதுதானே" என்பார்கள்.

பெரியவர்களை வைத்துப் பேசுவதில் தப்பில்லை. ஆனால் பேச்சு நீள நீள கான்கிரீட் இறுகிவிடும். கட்டும்போது கண்டும் காணாமல் இருந்தவருக்குப் பின்னால் தடையாணை கிடைப்பது கடினம். 12 ஆண்டு வாளாவிருந்தால் நிலத்தின் மீதான உரிமையே போகலாம். அஸ்திவாரம் தோண்டும்போதே பணம் கட்டி, புல வரைபடப்படி அளக்கச் சொல்வதே புத்திசாலித்தனம்.

புகார் கொண்டுபோனவரிடம் "இது சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க" என்று மாநகராட்சி கைவிரிப்பது பாதி நியாயம்தான். எல்லை யாருடையது என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும். ஆனால் பக்கவாட்டு இடைவெளியை விழுங்கிக் கட்டுவது 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளை மீறுவதல்லவா? வேலையை நிறுத்தவும் பூட்டி முத்திரையிடவும் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் அதிகாரம் தருகிறதே!

2024 டிசம்பர் 17 அன்று, மீரட் வழக்கொன்றில், போட்ட பணமோ அதிகாரிகளின் தாமதமோ விதிமீறிய கட்டடத்தைக் காப்பாற்றாது என்றது உச்ச நீதிமன்றம். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்திலேயே வைக்கவும் உத்தரவிட்டது. திருவொற்றியூர் மண்டலப் பொறியாளர்கள் எர்ணாவூருக்கு வரும்போது முதலில் அந்த வரைபடத்தைக் கேட்கட்டும்.