வண்டியும் கைப்பேசியும்

இங்கிலாந்தில் வாழும் எம் நண்பரொருவர், இக்கல்லூரியிற் பயின்று சென்றவர், சென்ற குளிர்காலத்தில் பிறரொருவர் வைத்திருந்த பிளக்-இன் ஹைபிரிட் மோட்டார் வண்டியொன்றை விலைக்கு வாங்கினார். வீட்டு மின்சாரத்தால் நிரப்பிக்கொள்ளும் பாட்டரியும், அது தீர்ந்தவிடத்துப் பெட்ரோலால் ஓடும் எஞ்சினும் ஒருங்கே அமைந்த வண்டி அது. உறைபனி மூடிய காலையில், வீட்டினுள் இருந்தபடியே கைப்பேசியைத் தொட்டு வண்டியின் உள்ளிடத்தை வெதுவெதுப்பாக்கலாம். மின்சாரம் எவ்வளவு ஏறிற்றென்றும் அறியலாம். இவ்வசதியைக் கருதியே அவர் அதனை வாங்கினார். கைப்பேசிச் செயலியோ, வண்டி முன்னரே வேறொருவர் பெயரிற் பதிவாகியுள்ளதென்று கூறி அவரை வாயிலிலேயே நிறுத்திவிட்டது.

முன்னவர் யாரென்பது அவருக்குத் தெரியாது. விற்ற வியாபாரியைக் கேட்க, அவர் வண்டி செய்தாரைக் கேட்கச் சொன்னார். செய்தாரோ, முன்னவரே தம் பெயரை நீக்கவேண்டும் என்றனர். பத்திரங்களைப் படம் பிடித்தனுப்பி மூன்று வாரம் காத்திருந்த பின்னரே வழி திறந்தது. திறந்தும் என்ன? குடியிருக்கும் கட்டிடத்தின் நிலவறையில் வண்டியை நிறுத்திய நாட்களிலெல்லாம், இணைக்க இயலவில்லை என்னும் ஒரே விடைதான்.

செயலி இல்லாவிடினும் வண்டி ஓடுமன்றோ என்று நகைப்பார் உளர். ஓடும், யாம் மறுக்கவில்லை. ஆயின் அம்மூன்று வாரமும், முகமறியா ஒருவர் தம் கைப்பேசியில் அவ்வண்டி நிற்குமிடத்தைக் கண்டுகொண்டிருக்கக் கூடும் என்பதை நகைப்போர் எண்ணினாரல்லர். இஃது எம் கற்பனையன்று. ஐ.பி.எம். நிறுவனத்துப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருவர், ஆண்டுகள் பல முன்னே தாம் விற்றுவிட்ட வண்டி இன்னும் தம் கைப்பேசிக்குக் கட்டுப்படுவதை 2017ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

மற்றொன்றும் உண்டு. மின்சாரம் ஏற்றப்படாத பிளக்-இன் ஹைபிரிட் வண்டி, பாட்டரியையும் சுமந்து திரியும் பெட்ரோல் வண்டியேயன்றி வேறன்று. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச் மாதத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இற் பதிவான இத்தகைய வண்டிகள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைச்சாலை அளவினும் சராசரி மூன்றரை மடங்காக இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மின்சாரம் ஏற்றி ஓட்டாமையே காரணம் என்றனர். எண்ணெய் கொள்ளாது சென்ற கன்னிகைகளின் உவமையை இவ்வண்டிக்குத் திருப்பியே சொல்லவேண்டும். இங்கே எண்ணெய் உண்டு, மறக்கப்பட்டது மின்சாரம். செயலி ஒன்றே அம்மறதியைத் தீர்த்துவிடும் என்பதன்று எம் கருத்து. இரவில் செருகியது ஏறிற்றா இல்லையா என்று காட்டும் கருவியை முடமாக்குவது மறதிக்குத் துணைசெய்வதாகும் என்கிறோம்.

இனி, தொல்லையின் வேரைப் பார்ப்போம். கைப்பேசி பத்தடி தொலைவில் நிற்கும் வண்டியுடன் நேரே பேசுகின்றதென்று பலர் எண்ணுவர். பெரும்பாலான வண்டிகளில் அங்ஙனமன்று. கட்டளை முதலில் உற்பத்தியாளரின் சர்வருக்குச் செல்கிறது; அங்கிருந்து கைப்பேசிக் கோபுரத்தின் வழியே வண்டியினுள்ளிருக்கும் சிம் அட்டையை அடைகிறது; விடையும் அவ்வழியே திரும்புகிறது. பன்னாள் ஓடாது நின்ற வண்டியிலோ, சிறு பாட்டரி தீராதிருக்கும் பொருட்டு அச்சாதனம் உறங்கியும் விடும். இத்தனை கண்ணிகளில் எது அறுந்தாலும் உரியவர் காண்பது ஒரே வாக்கியம். எக்கண்ணி அறுந்ததென்று சொல்லுதற்கு என்ன தடை? சர்வர் அறியும், சொல்லுவதில்லை.

கண்ணிகளுள் ஒன்று முற்றும் அழிந்துபோதலும் உண்டு. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 2022 பிப்ரவரியில் தன் மூன்றாந் தலைமுறை அலைவரிசையை நிறுத்தியபோது, அதனையே நம்பியிருந்த வண்டிகள் பல ஊமையாயின. சிலவற்றுக்குப் புதிய சாதனம் கிடைத்தது, சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. எஞ்சினும் சக்கரமும் பழுதின்றி இருக்க, விலைகொடுத்து வாங்கிய வசதி மட்டும் பிறரொருவர் தீர்மானத்தால் மறைந்தது.

மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் வேறு வழி கொண்டது. அந்நாளில் கைப்பேசி, வண்டியின் சொந்த வைஃபையுடனேயே நேரே இணைந்தது. நடுவே சர்வருமில்லை, கோபுரமுமில்லை. 2016இல் இங்கிலாந்தின் ஆராய்ச்சியாளர் சிலர் அதன் கடவுச்சொல் மிகக் குறுகியதென்றும், அதனை உடைத்துத் திருட்டு எச்சரிக்கை மணியையே அடக்கலாமென்றும் காட்டினர். உலகம் அதனைப் பரிகசித்தது. பூட்டின் சிறுமையைப் பழித்தது தகும். நேர்வழியைப் பழித்தது தகாது என்பது எம் துணிபு. எட்டுந் தொலைவு சிறிது. இணையமில்லா வைஃபையைக் கண்ட இக்காலக் கைப்பேசி அதனை உதறிவிட்டு வேறு வழி தேடும் தொல்லையும் உண்டு. எனினும் கோபுரங்கள் மாறினமையால் அவ்வழி அடைபடவில்லை.

ஆதலின் யாம் வேண்டுவன பெரியனவல்ல. தொலைவிலிருந்து பேசும் வழியோடு, அருகிலிருந்து நேரே பேசும் வழியொன்றும், தக்க பூட்டோடு, ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல்வேண்டும். தொலைவழி எவ்வாண்டு வரை நிற்குமென்பதை விற்கும்போதே விலைச்சீட்டில் எழுதவேண்டும். வண்டி கைமாறிய அன்றே, சாவியைக் கையில் வைத்திருப்பவர் உள்ளிருந்தே பழைய பெயரை நீக்கத்தக்கதாய் இருக்கவேண்டும். சில வண்டிகளில் இது முன்னமே உண்டு. ஆகவே இயலாதென்று சொல்லுதற்கில்லை.

நண்பர் இப்பொழுது பனிக்காலைகளில் நிலவறைக்கு இறங்கிச் சென்று, தம் கையாலேயே சூடேற்றும் பொத்தானை அழுத்திவிட்டு மீண்டும் மேலேறித் தேநீர் அருந்துகின்றாராம். தம் பெயரை நீக்கும் முறையை ஒரு தாளில் எழுதி, அடுத்து வாங்குவோர்க்கென வண்டியின் கையேட்டினுள் வைத்திருப்பதாகவும் எழுதியுள்ளார்.