விளைந்த வருஷத்தைச் சொல்லி விற்கிறார்கள்

மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் ஒயின் சமாச்சாரத்தை எழுதுகிறானே என்று அன்பர்கள் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் குடிப்பவன் அல்ல. நாற்பது வருஷமாக மிளகாய் வத்தல், மல்லி, புளி இந்த மூன்றும்தான் எனக்கு மொத்த வியாபாரம். 2024 ஜூலையில் பாரிசில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அழைத்ததன்பேரில் பிரான்சுக்குப் போய் வந்தேன். அங்கே ஷாம்பெயின் என்ற சீமையில் நான் கண்டும் கேட்டும் அறிந்த வியாபார முறை நம் கிட்டங்கிக்கு நேராகப் பொருந்துகிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பாரிசிலிருந்து கிழக்கே ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் எப்பெர்னே என்ற ஊர் வருகிறது. ஊருக்குக் கீழே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மைல் கணக்கில் கிட்டங்கிகள். மேலே சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். மொத்தம் சுமார் 34 ஆயிரம் ஹெக்டேர், நம் கணக்குக்கு 84 ஆயிரம் ஏக்கர். கறுப்பில் இரண்டு, வெள்ளையில் ஒன்று என்று மூன்று ரகம்தான் பெரும்பாலும். பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது என்பது சட்டம். 4000 கிலோ பழத்தில் 2550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது என்பதும் சட்டம். சாறு ஒரு முறை புளித்து ஒயினானதும், கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மறுபடியும் புளிக்கவிடுகிறார்கள். அந்த வாயு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கரைந்து நிற்பதால்தான் திறக்கும்போது நுரை பொங்குகிறது.

இதில் வானிலைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த ஊர் திராட்சை விளையும் எல்லையின் வடகோடி. அதற்கு மேலே குளிர் என்பதால், பழம் பழுப்பதே அங்கே பெரும்பாடு. ஏப்ரலில் துளிர் விடும்போது ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், துளிர் கருகிவிடும். அதற்காகத் தோட்டத்துக்குள் வரிசையாகப் பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றி வைத்து விடிய விடியக் காவல் இருக்கிறார்கள். ஜூனில் பூக்கிற பத்து நாளும் மழையோ குளிரோ வந்தால் பிஞ்சு ஒழுங்காகப் பிடிக்காது. ஜூலையில் ஈரம் நின்றால் இலையில் பூஞ்சணம். ஆகஸ்டில் கல்மழை பயம். பூத்த நாளிலிருந்து நூறு நாளில் அறுவடை என்பது அவர்களுடைய பழைய கணக்கு.

அந்தக் கடைசி மூன்று வாரம்தான் சரக்கின் தலையெழுத்தை எழுதுகிறது. பகலில் வெயிலும் ராத்திரியில் குளிர்ச்சியும் இருந்தால் பழத்தில் இனிப்பும் ஏறும், புளிப்பும் குறையாமல் நிற்கும். புளிப்புதான் அந்த ஒயினுக்கு முதுகெலும்பு. அது இருந்தால் இருபது முப்பது வருஷம் தாங்கும். வெயில் மிஞ்சிப் போனால் இனிப்பு ஏறிப் புளிப்பு செத்துவிடும். மழை பெய்தால் குலையிலேயே அழுகல். மிளகாய்ப் பழத்தைக் களத்தில் காயப் போட்டிருக்கும்போது மேகத்தைப் பார்த்துப் பார்த்து நிற்கிற சம்சாரியின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியாததா?

2003-ல் ஏப்ரல் உறைபனியில் பாதி வெள்ளாமை போயிற்று. மிச்சத்தை ஐரோப்பா முழுவதையும் வாட்டிய அந்த வருஷத்து வெயில் பிடித்துக்கொண்டது. ஆகஸ்டிலேயே பறிக்க வேண்டி வந்து, புளிப்பு மிகக் குறைந்துபோனது. பல நிறுவனங்கள் அந்த வருஷத்தின் பெயரில் பாட்டிலே போடவில்லை. 2008 நேர்மாறு. கோடை முழுக்க மேகமும் தூறலும். எல்லோரும் கையை விட்டுவிட்ட நேரத்தில் செப்டம்பர் நன்றாகக் காய்ந்தது, ராத்திரியில் குளிர்ந்தது. இன்று 2008 என்று லேபிளில் இருந்தால் தனி மரியாதை. 2017-ல் ஆகஸ்டு மழையில் கறுப்பு ரகங்கள் அழுகிப் போயின. அடுத்து வந்த 2018, 2019, 2020 மூன்றும் தொடர்ந்து நல்ல வருஷங்கள்.

ஆக, லேபிளில் வருஷம் போடுவது ஒவ்வொரு வருஷமும் நடக்கிற காரியம் அல்ல. வருஷம் போட்டால் அந்தப் பாட்டிலில் இருப்பது முழுக்க அந்த ஒரே வருஷத்து விளைச்சலாக இருக்க வேண்டும், மூன்று வருஷத்துக்குக் குறையாமல் கிட்டங்கியில் கிடந்திருக்கவும் வேண்டும். வருஷம் போடாத பாட்டிலுக்குப் பதினைந்து மாதம் போதும். சலோன் என்ற சிறு நிறுவனம் நல்ல வருஷங்களில் மட்டுமே தன் பெயரில் ஒயின் போடும். அது இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் வருஷம் போட்டு வெளியிட்டது 37 தடவைதான்.

வருஷம் போடாததுதான் விற்பனையில் பெரும்பகுதி. அதில் இந்த வருஷச் சரக்கோடு முந்தின வருஷங்களின் இருப்பையும் கலக்கிறார்கள். கலப்பது குற்றம் இல்லை. சொல்லப்போனால், நாலைந்து வருஷத்துச் சரக்கைக் கலந்து எப்போதும் ஒரே ருசியாகக் கொடுப்பது வருஷச் சரக்கைவிடக் கடினமான வேலை. ஆனால் கலந்ததைக் கலந்தது என்றுதான் விற்கிறார்கள். இன்னொரு விதி என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு நிறுவனம் எவ்வளவு அருமையான வருஷத்திலும் அந்த விளைச்சலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வருஷம் போட்டு விற்கக் கூடாது. மீதியைப் பின்னால் வரும் மோசமான வருஷத்துக்காக விட்டுவைக்க வேண்டும். நல்ல விலை கிடைக்கிற நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

இந்த ஒழுங்கெல்லாம் பிறவியிலேயே வந்தது என்று நினைக்க வேண்டாம். 1910-ல் உறைபனி, கல்மழை, பூஞ்சணம் எல்லாம் சேர்ந்து வந்து வெள்ளாமை அநேகமாக முழுக்க அழிந்தது. அதற்கு முந்தின வருஷங்களும் சரியில்லை. சம்சாரி கடனில் மூழ்கியிருந்தபோது, வியாபாரிகளில் ஒரு சாரார் வெளிச்சீமைத் திராட்சையையும் ஒயினையும் ரயிலில் மலிவாக வரவழைத்து, ஷாம்பெயின் என்ற பெயரிலேயே பாட்டிலில் அடைத்தார்கள். 1911 ஜனவரியில் சம்சாரிகள் வண்டிகளை மறித்துச் சரக்கை ஆற்றில் கவிழ்த்தார்கள். ஏப்ரலில், எது ஷாம்பெயின் சீமை என்ற எல்லைத் தகராறும் சேர்ந்துகொள்ள, ஆய் என்ற ஊரில் வியாபாரிகளின் வீடுகளும் கிட்டங்கிகளும் சூறையாடப்பட்டன, தீயும் வைக்கப்பட்டது. பட்டாளம் வந்து நிற்க வேண்டியதாயிற்று. எல்லையும் ரகமும் சட்டப்படி முடிவாக 1927 ஆயிற்று. அந்த 1911-ல் விளைந்த ஒயின் மிகச் சிறந்த வருஷங்களில் ஒன்றாகப் பேர் வாங்கியது என்பது வேடிக்கை.

இந்தக் கதையை மருமகன் சொல்லச் சொல்ல எனக்கு என் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பருவத்தில் புளி வரத்து குறைந்து விலை தாறுமாறாக ஏறியது. என்னிடம் முந்தின வருஷத்துப் புளி, கறுக்கத் தொடங்கியது, நூறு மூட்டைக்கு மேல் இருந்தது. புதுப்புளியோடு கலந்து புதுசு என்றே போட்டேன். அன்றைக்கு அது எனக்குச் சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. இருபது வருஷமாக என்னிடமே வாங்கிவந்த ஒரு ஓட்டல்காரர் மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, பழசுன்னு சொல்லியிருந்தா பழசு விலைக்கே எடுத்துருப்பேனே, குழம்பு கறுத்துப்போச்சுன்னு சாப்பிட வந்தவங்க முன்னாடி நிக்க வெச்சுட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவர் என் கடைப்படி ஏறவில்லை. அந்த நூறு மூட்டையில் கிடைத்த லாபம் எவ்வளவு என்று இன்று எனக்கு நினைவில்லை. அவர் மாதம் எத்தனை மூட்டை எடுப்பார் என்பது நினைவிருக்கிறது.

நம் பாக்கெட்டுகளில் பாக்கிங் செய்த மாதமும் வருஷமும் போடுகிறோம். சட்டம் கேட்பது அது. உள்ளே இருக்கும் வத்தல் எந்த வருஷம் விளைந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. குளிர்பதனக் கிட்டங்கியில் ஒரு வருஷம் தூங்கிய வத்தலும் இந்த மாதம் பாக்கெட் ஆனால் இந்த மாதத்துச் சரக்காகிவிடுகிறது. ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பேருக்குக் காவல் வந்துவிட்டது, நல்லது. வருஷத்துக்குத்தான் நம்மிடம் காவல் இல்லை.

சில்லறைக் கடைக்காரர்கள் சொல்லப்போவது தெரியும். "வருஷத்தை எழுதினால் பழசு தேங்கிவிடும், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள்" என்பார்கள். அரிசியில் பழசு என்று சொல்லித்தானே கூட விலை வாங்குகிறோம்? பழசு என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, மறைக்கும்போதுதான் அப்படி ஆகிறது. பழம்புளிக்கு ஒரு விலை, புதுப்புளிக்கு ஒரு விலை, கலந்ததற்கு நடுவில் ஒரு விலை என்று போர்டில் எழுதிவிட்டால் தேங்கக் காரணமில்லை. முதல் வருஷம் கொஞ்சம் அடிபடும் என்பதையும் மறைக்கவில்லை.

நான் போன 2024-ல் அங்கே மோசமான பருவம். உறைபனி, கல்மழை, ஓயாத தூறல் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு சம்சாரி இலையைத் திருப்பி அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த பூஞ்சணத்தைக் காட்டினார். இந்த வருஷம் பாட்டிலில் வருஷம் போடுவீர்களா என்று மருமகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். செப்டம்பர் முடியாமல் அதைப் பேசுவதே இல்லை என்றார். பருவமும் இப்போது அவர்களுக்குப் பிடிபடாமல் மாறிவருகிறதாம். முப்பது வருஷத்துக்கு முந்தியதைவிட அறுவடை இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னால் வந்துவிட்டது. அந்த 2024-ல் பழம் குறைந்தபோது பலர் முந்தின வருஷங்களின் இருப்பை எடுத்துத்தான் சமாளித்தார்கள்.

ஊர் திரும்பியபின் வந்த பருவத்திலிருந்து என் கிட்டங்கி மூட்டைகளில் மையால் விளைந்த வருஷத்தை எழுதச் சொல்லியிருக்கிறேன். கலந்த மூட்டைக்கு இரண்டு வருஷமும் எழுதுகிறோம். கணக்கப்பிள்ளைக்கு இதில் சம்மதமில்லை, எழுதுகிறார். சங்க உறுப்பினர்கள் எல்லோரும் வத்தல், புளி, மஞ்சள் மூன்றுக்காவது இப்படிச் செய்யலாமா என்பதை அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு எடுக்கும்படி செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அன்று நேரில் வந்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.