"ஒரு சொட்டு இறங்காதுங்கண்ணா!" - திறந்தால் பெட்டிக்குள் தண்ணீர்

சேலம், நாமக்கல் பக்கம் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டாத வியாபாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொலுசுச் சரக்கோடு செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிறவர், ஜவ்வரிசி சாம்பிளோடு சேகோசர்வ் வாசலுக்கு வருகிறவர், கோழிப்பண்ணைக்கு மருந்து கொண்டு போகிறவர், லாரி பர்மிட், எப்.சி. காகிதத்தோடு அலைகிற நாமக்கல் புக்கிங் ஆபீஸ் ஆள் என்று எல்லோர் வண்டியிலும் பின்னாலோ பக்கவாட்டிலோ ஒரு பெட்டி. முன்பு புல்லட்டுக்குத் தகரப் பெட்டி. இப்போது பிளாஸ்டிக், அலுமினியம்.

வாங்கும்போது கடையில் ஒரே வசனம்தான். "வாட்டர்புரூப்புங்கண்ணா. ஒரு சொட்டு இறங்காது."

சாயந்திரம் கொண்டலாம்பட்டியில் கிளம்பினால் மல்லூர் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. ஆண்டகளூர் கேட்டில் டீக்கடை ஓரமாக நிறுத்திப் பெட்டியைத் திறந்தால், பில் புக் நனைந்து ஊறிக் கிடக்கும். ஜவ்வரிசி சாம்பிள் கட்டியாகியிருக்கும். சாம்பிளைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். ஈரம் பட்ட சாம்பிளுக்கு யார் நல்ல விலை கேட்பது? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் பத்து ரூபாய் பாலிதீன் பையைப் போட்டுத்தான் சரக்கைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

உறிஞ்சுகிறது பெட்டி!

மழை அடித்து உள்ளே இறங்குவது பாதிக் கதைதான். மீதித் தண்ணீரைப் பெட்டியே இழுத்துக்கொள்கிறது. பலருக்கும் இது தெரியாது, விற்கிறவர்களில் பலர் உட்பட.

பகல் முழுக்க வெயிலில் நின்ற பெட்டிக்குள் காற்று 50 டிகிரி வரை சூடாகிவிடும். திடீரென்று மழை பிடித்து 25 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். கணக்குப் போட்டால் 13-ல் ஒரு பங்கு குறையும். 40 லிட்டர் பெட்டி என்றால் 3 லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அது எந்த வழியாக வரும்? மூடி ரப்பர் ஓரம், கீல், சாவித் துவாரம், போல்ட் ஓட்டை. அந்த இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றால் காற்றுக்கு முன்னால் தண்ணீர்தான் உள்ளே போகும். சிரிஞ்சு மருந்தை இழுக்கிற மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், நாலு பக்கமும் இறுக்கி அடைத்து ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்ட பெட்டியில்தான் இந்த உறிஞ்சல் அதிகம். லொடலொட பெட்டிக்கு எங்கிருந்தாவது காற்று கிடைத்துவிடும்.

இதற்கு மருந்து, அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை! "வாட்டர்புரூப் பெட்டியில் ஓட்டையா?" என்று கேட்கலாம். டயர் சேறு நேராக அடிக்காத மூலையில், மேலே ஒரு மறைப்புத் தகடு வைத்து ஓட்டை போட்டால் காற்று அந்த வழியாகப் போய் வரும். தப்பித் தவறி இறங்கிய தண்ணீரும் வடியும். ஆனால் ரோட்டில் முட்டளவு வெள்ளம் ஓடினால் இந்த ஓட்டையே வினை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை ஏற்காட்டிலும் சேலத்திலும் கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரி நாளில் பக்கவாட்டுப் பெட்டியைக் கழற்றி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

நாமக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவரைக் கேட்டால் மீதியைச் சொல்லிவிடுவார். முன்பக்கத்துப் பாய் பின்பக்கத்துப் பாயின் மேலே ஏறி நிற்க வேண்டும். அப்போதுதான் எதிர்க்காற்று மழையை உள்ளே தள்ளாது. வீட்டுத் தூக்குப்போசியிலும் சில மூடி வெளியே கவிழ்ந்து நிற்கும், சில மூடி உள்ளே இறங்கி உட்காரும். பெட்டிக்கு வேண்டியது கவிழ்ந்து நிற்கிற மூடி. மலிவுப் பெட்டிகள் பலவற்றில் மூடி விளிம்பு உடம்போடு சமமாக முட்டி நிற்கிறது. அங்கே ரப்பர் ஒன்றுதான் காவல். அது இரண்டு கோடை வெயிலில் காய்ந்து வெடித்தால் அப்புறம் காவலே இல்லை.

ரப்பர் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. ரப்பர் மேலே சாக்பீஸைத் தேய்த்து, மூடியை அழுத்திப் பூட்டித் திறந்தால் மூடி விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்த இடம்தான் தண்ணீர் வரும் இடம். லாரி பாடி பட்டறைப் பக்கம் கிடைக்கிற ஸ்பாஞ்ச் பீடிங்கை வாங்கி ஒட்டலாம். ஒட்டு மூலையில் வரக்கூடாது, நேர்ப் பக்கத்தில் வர வேண்டும். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் அவசியம். சிலிகான் பேஸ்ட் வாங்கும்போது வினிகர் வாடை அடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அந்த ரகம் தகரத்தைத் துருவேற்றும். வாடை இல்லாத ரகமே உத்தமம்.

சொல்கிறவர் எழுதித் தரட்டும்

வாங்கினவர் இவ்வளவு பாடுபட வேண்டும் என்றால் "வாட்டர்புரூப்" என்று விற்றது எதற்கு? தெறிக்கிற தண்ணீரைத் தாங்குவது வேறு, பைப் அடியைத் தாங்குவது வேறு, முழுகினாலும் தாங்குவது வேறு. மின்சாதனப் பெட்டிகளுக்கு ஐ.இ.சி. 60529 என்று உலகம் முழுக்க ஒரே அளவுகோல் இருக்கிறது. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிப்புக்கு மட்டும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். வண்டிப் பெட்டி விற்கிறவர்களும் எது என்று பெட்டி மேலேயே அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? மழைத் தூறலுக்கு மட்டும் என்றால் அப்படியே சொல்லட்டும். வாங்குகிறவர் அதற்குத் தகுந்த விலை கொடுப்பார்.

பில் வேண்டாம், விலை குறைத்துத் தருகிறோம் என்கிற பேரத்துக்கு வாடிக்கையாளர்களும் தலையாட்டக் கூடாது. பில்லிலேயே "வாட்டர்புரூப்" என்று எழுதி வாங்க வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் சொல்லி விற்றதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற நம்பருக்குப் போன் போட்டும் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் கடை வாசலிலேயே ஒரு சோதனை நடத்திவிடலாம். பெட்டியை அரை மணி நேரம் வெயிலில் வைத்து, உள்ளே ஒரு பழைய பேப்பரை விரித்து, பூட்டி, ஹோஸ் பைப்பால் பத்து நிமிஷம் தண்ணீர் அடிக்கச் சொல்ல வேண்டும். பேப்பர் எந்த மூலையில் நனைந்தது என்று கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்தே பார்க்கட்டும்.